எடை மேடைக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு பெட்டி

ஜோகூரின் செம்பனை ஆலைகளிலும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளிலும் நீர் நிலையங்களிலும் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் எழுத வந்தது ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. உங்களில் பலர் அதைத் தினமும் கடந்து போகிறீர்கள். உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் ஒன்பது பின் சாக்கெட், இல்லையென்றால் மூன்று நான்கு திருகு. மறுபக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம். முன்னால் மின்னி மின்னி எரியும் சில விளக்குகள். பழைய கருவி சீரியலில் பேசுவதை வாங்கி நெட்வொர்க்கில் ஏற்றிவிடுவதும், அங்கிருந்து வருவதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் அதன் வேலை. ஸ்டோர் பட்டியலில் ‘கன்வெர்ட்டர்’ என்ற பெயரில், கேபிள், கனெக்டர், கேபிள் டை இவற்றோடு ஒரே வரிசையில் கிடக்கும்.

அந்த வரிசையோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பெட்டி ஒரு கணினி. அதற்குள் இயங்குமென்பொருள் (ஃபர்ம்வேர்) இருக்கிறது, வலைப்பக்கம் இருக்கிறது, கடவுச்சொல் இருக்கிறது. அதே நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும் யாரும் அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அதற்கு ஐ.பி. முகவரி போடுகிறவர் ஆலையின் நெட்வொர்க்கில் ஒரு புது ஆளைக் குடியேற்றுகிறார். கேபிளை மாட்டுகிற அவசரத்தில் அதைச் செய்கிறோம். பெரும்பாலான தொல்லைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

இந்தக் காலத்தில் போய் சீரியலா என்று கேட்பீர்கள். ஆர்.எஸ்.232 தரம் முதலில் வந்தது 1960-இல். மோடிகான் நிறுவனம் மோட்பஸை வெளியிட்டது 1979-இல். ஆர்.எஸ்.485 வந்தது 1983-இல்: இரண்டே கம்பி, 1,200 மீட்டர் வரை இழுக்கலாம், ஒரே இணையில் 32 கருவி தொங்கவிடலாம். இவ்வளவு மலிவாக, இவ்வளவு முரட்டுத்தனமாக உழைக்கும் ஒன்றை யார் தூக்கிப்போடுவார்கள்? ஆபீஸ் கணினி ஐந்து ஆண்டில் மாறும். எடை மேடை இருபது ஆண்டு இருக்கும். கூலாய், செடெனாக் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கிற டேட்டா சென்டர்களுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் இது புதிதாக இருக்காது. அங்கே நிற்கும் ஜென்செட்டும் மின்மானியும் அதே பழைய இரண்டு கம்பியில் மோட்பஸ் பேசுகிற வகையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே இந்தப் பெட்டி இன்னும் நெடுநாள் நம்மோடு இருக்கப் போகிறது.

செம்பனை ஆலையின் லோரி எடை மேடையையே எடுத்துக்கொள்வோம். குளுவாங், கஹாங், கோத்தா திங்கி, எந்தப் பக்கம் போனாலும் காட்சி ஒன்றுதான். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி நிற்கிறது. அடியில் இருக்கும் லோட் செல்கள் தரும் சின்ன மின்னழுத்தத்தைக் கூட்டிக் கணக்கிட்டு, சாவடியில் உள்ள இண்டிகேட்டர் எடையைக் காட்டுகிறது. பின்னால் ஒரு ஒன்பது பின் சாக்கெட் வழியாக அந்த எடையை ஒரு வரியாகவும் அனுப்புகிறது. எடை நிலைத்ததா இன்னும் ஆடுகிறதா என்பதற்கு ஒரு குறி, பிறகு எண், பிறகு கிலோ, கடைசியில் வரி முடிவுக் குறி. மொத்தம் பதினெட்டு எழுத்து என்றால் 9,600 வேகத்தில் 19 மில்லி செகண்டில் போய்விடும். லோரி உள்ளே போய்க் குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்து இன்னொரு முறை ஏறும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிறுதோட்டக்காரரின் வருமானம்.

இப்போது அந்தப் பதினெட்டு எழுத்து நெட்வொர்க்கில் ஏறுகிறது. சீரியல் கம்பியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும், நெட்வொர்க்கோ பொட்டலம் பொட்டலமாகப் போகும். எத்தனை எழுத்து சேர்ந்ததும் பொட்டலத்தைக் கட்டி அனுப்புவது என்று பெட்டிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு அனுப்பும். 24560 என்ற எடை 245 ஒரு பொட்டலம், 60 இன்னொரு பொட்டலம் என்று போய்ச் சேரலாம். நல்ல மென்பொருள் வரி முடியும் வரை காத்திருந்து ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் எழுதிய மென்பொருள் 245 கிலோ என்று நம்பிவிடும், அல்லது திரையில் எண் குதிக்கும். உடனே என்ன செய்வோம்? லோட் செல்லைச் சந்தேகப்படுவோம். மேடைக்கு அடியில் இறங்கிச் சேறு அள்ளுவோம். இண்டிகேட்டரில் எண் ஆடாமல் நிற்கிறது, ஆபீஸ் திரையில் மட்டும் ஆடுகிறது என்றால் கை வைக்க வேண்டிய இடம் மேடை அல்ல. பெட்டியின் சீரியல் பக்கத்தில் ‘டீலிமிட்டர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வரி முடிவுக் குறியைப் போட்டு, அதைப் பார்த்த பிறகே பொட்டலத்தை அனுப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

முகவரிக்கு வருவோம். புதுப் பெட்டி பெரும்பாலும் தொழிற்சாலை முகவரியோடு வரும். மோக்சா நிறுவனத்தின் என்போர்ட் வகைக்கு அது 192.168.127.254. உங்கள் ஆலை 192.168.1 வரிசையில் இருந்தால் உங்கள் லேப்டாப்புக்கு அந்தப் பெட்டி கண்ணில் படாது. லேப்டாப்பின் முகவரியைத் தற்காலிகமாக 192.168.127 வரிசைக்கு மாற்றி, நடுவில் வேறு எதுவும் இல்லாமல் ஒரே கேபிளில் இரண்டையும் இணைத்து, அப்புறம் பக்கத்தைத் திறக்க வேண்டும். புது முகவரி எழுதி ‘சேவ்’ அழுத்தினதும் பக்கம் அப்படியே நின்றுவிடும். பயந்துபோய் ரீசெட் பொத்தானில் பேனா முனையைக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி கெடவில்லை ஐயா, புது முகவரிக்குக் குடி போய்விட்டது, அவ்வளவுதான். ரீசெட் அழுத்தினால் அது பழைய வீட்டுக்கே திரும்பி வரும். நீங்களும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பழைய லான்ட்ரோனிக்ஸ் பெட்டிகளில் இன்னும் வேடிக்கையான வழி ஒன்று இருந்தது. லேப்டாப்பில் கட்டளை வரியைத் திறந்து, பெட்டியின் மேக் முகவரியோடு நாம் விரும்பும் ஐ.பி. முகவரியை முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த முகவரியின் 1-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் அடிக்க வேண்டும். இணைப்பு தோற்றுப்போகும். தோற்பதுதான் முறை! அந்த முயற்சியைப் பார்த்து பெட்டி, ஓ, இதுதான் என் முகவரி போலிருக்கிறது என்று தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும். உடனே 9999-ஆம் போர்ட்டுக்குப் போய், ஐந்து விநாடிக்குள் என்டர் தட்டினால் அமைப்புப் பட்டியல் வரும். இன்றைக்கும் சில பேனல்களில் அந்தத் தலைமுறை உயிரோடு இருக்கிறது. கற்றுவைத்திருப்பதில் நட்டமில்லை.

முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி.க்கு விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விட்டால் அன்றைக்கு ஓடும். என்றோ ஒரு நாள் ரூட்டர் வேறு எண்ணைக் கொடுக்கும், எடை மென்பொருளோ பழைய எண்ணிலேயே பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். நிலையான முகவரி போடுங்கள். ஆனால் 50 காலியாக இருக்கும் போலிருக்கிறது என்று பிங் அடித்துப் பார்த்து, பதில் இல்லை என்றதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 50 விடுமுறையில் இருக்கும் கணக்கர் கணினியாக இருக்கலாம், இரவில் அணைத்துவைக்கும் பிரிண்டராக இருக்கலாம். திங்கட்கிழமை அது எழுந்ததும் ஒரே முகவரியில் இருவர். ஒரு நிமிடம் எடை வரும், மறு நிமிடம் வராது. இப்படி விட்டு விட்டு வரும் பழுதைப் போலத் தொழில்நுட்பரைப் பைத்தியமாக்குவது வேறில்லை. ஐ.டி. பிரிவில் கேட்டு, அவர்கள் பட்டியலில் எழுதவைத்து, அப்புறம் போடுங்கள். அவர்களோடு பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம், நம்மோடு பேச அவர்களுக்கும் கூச்சம். எண்ணெய் படிந்த பூட்ஸோடு அந்தக் குளிரறைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். ஒன்றும் ஆகாது.

கேட்வே கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலியாக இருக்கிறதே என்று ரூட்டரின் முகவரியை அங்கே நிரப்பிவிடுவது நம் பழக்கம். எடை மேடைப் பெட்டியோடு பேசுவது அதே வரிசையில் உள்ள ஒரே ஒரு கணினி என்றால், அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். வெளி வரிசையிலிருந்து யாராவது தட்டினாலும், பதில் அனுப்பும் வழி பெட்டிக்குத் தெரியாது. காசில்லாத காவல். இதை முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் வேண்டாத வழியை நாமே திறந்துவைப்பானேன்?

அடுத்தது வரிசையில் நிற்கும் லோரிகள். மின்சாரம் ஒரு கணம் போய் வருகிறது. சாவடிப் பெட்டிக்கு யு.பி.எஸ். இருக்கிறது, ஆபீஸ் கணினிக்கு இல்லை. கணினி எழுந்து பெட்டியைக் கூப்பிடுகிறது, பெட்டி மறுக்கிறது. ஏனென்றால் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பு என்று அமைத்திருக்கிறோம், செத்துப்போன பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகப் பெட்டி நம்புகிறது. எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. மோக்சாவில் அது 7 நிமிடம் என்று வரும். ஆபீஸ் நெட்வொர்க்குக்கு 7 நிமிடம் பெரிதல்ல. அறுவடைக் காலத்தில் ஆலை வாசலில் ஏழு நிமிடம் என்பது ஹாரன் சத்தம். அதை 1 நிமிடம் ஆக்குங்கள். இணைப்பு எண்ணிக்கையை 1-இலிருந்து கூட்டிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். எடை மேடையில் அதைச் செய்யாதீர்கள். ஒரே இண்டிகேட்டரோடு இரண்டு மென்பொருள் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் கேட்ட பதில் இன்னொருவருக்குப் போகும்.

மோட்பஸ் மின்மானி பொருத்துகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘சீரியல் சர்வர்’ வேறு, ‘மோட்பஸ் கேட்வே’ வேறு. முதலாவது வந்ததை அப்படியே தள்ளும். இரண்டாவது, மோட்பஸ் ஆர்.டி.யு. செய்தியின் வாலில் உள்ள சரிபார்ப்பு எண்ணை எடுத்துவிட்டு, தலையில் ஆறு பைட் சேர்த்து, மோட்பஸ் டி.சி.பி. ஆக்கி 502-ஆம் போர்ட்டில் கொடுக்கும். வாங்கியது முதல் வகை, கணினியில் அமைத்தது இரண்டாம் வகைக்கு என்றால், கம்பியை எத்தனை முறை மாற்றி மாட்டினாலும் ‘டைம் அவுட்’தான். வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இனி மின்னலுக்கு வருகிறேன். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு ஜோகூரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆலை வளாகத்தில் முந்நூறு மீட்டர் ஓடும் ஆர்.எஸ்.485 கம்பி மின்னலுக்கு நல்ல வலை. முதலில் போவது அந்தச் சின்னப் பெட்டியின் சீரியல் பக்கம். மின் தனிமைப்படுத்தல் உள்ள வகையை வாங்குங்கள், சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள், கம்பியின் ஷீல்டை ஒரே முனையில் எர்த் செய்யுங்கள். அதெல்லாம் செய்தாலும் ஒரு நாள் போகும்.

அன்று இரவு ஷிஃப்டில் இருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஸ்டோரில் அதே மாடல் புதுப்பெட்டி இருக்கிறது. கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். ஆனால் பழைய பெட்டியின் முகவரி என்ன? வேகம் 9,600-ஆ 4,800-ஆ? பாரிட்டி உண்டா? கணினி அதைத் தேடி வருகிறதா, அது கணினியைத் தேடிப் போகிறதா? எந்த போர்ட் எண்? எல்லாம் செத்துப்போன பெட்டிக்குள் இருக்கிறது. பொருத்தியவர் ஒரு குத்தகையாளர். அவர் அனுப்பிய பில் ஃபைலில் இருக்கிறது, கடவுச்சொல் அவர் தலைக்குள் இருக்கிறது. கைப்பேசியை அவர் எடுக்கவில்லை. இது கற்பனை அல்ல. ஓர் ஆலையில் இப்படி ஆனதால் விடிய விடிய எடையைக் கையால் எழுதினார்கள், மறுநாள் கணக்கு ஒத்துவரவில்லை, லோரிக்காரர்களுக்கும் ஆபீசுக்கும் வாய்த்தகராறு. பெட்டியின் விலை சில நூறு ரிங்கிட்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ‘எக்ஸ்போர்ட்’ என்றோ ‘பேக்கப்’ என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் முழு அமைப்பும் ஒரு ஃபைலாக இறங்கும், புதுப்பெட்டியில் ஏற்றினால் பழையதாகவே ஆகிவிடும். அந்த ஃபைலை உங்கள் லேப்டாப்பில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை மாறிப் போய்விடாதீர்கள். ஐ.டி. சர்வரில் ஒன்று இருக்கட்டும். அதோடு பேனல் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். முகவரி, மாஸ்க், யார் யாரைத் தேடுவது என்ற மோட், போர்ட், வேகம், பாரிட்டி, மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர். கடவுச்சொல் மட்டும் அங்கே வேண்டாம்.

கடவுச்சொல் என்றதும் சிலர் சிரிப்பீர்கள். எடை மேடையை யார் ஹேக் செய்யப் போகிறார் என்று.

2013 ஏப்ரலில் எச்.டி. மூர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர், இணையத்தில் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும் இத்தகைய சீரியல் சர்வர்களைக் கணக்கெடுத்தார். 1,14,000-க்கும் மேல் கிடைத்தன. பலவற்றில் உள்ளே நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. இது வெறும் எச்சரிக்கை.

2015 டிசம்பர் 23 அப்படி அல்ல. உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைக்குள் நெட்வொர்க் வழியாகப் புகுந்தவர்கள், துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பிரேக்கரைத் திறந்தது பாதி வேலைதான், கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரும்ப மூடிவிடலாமே. அதற்காக அவர்கள் துணைமின் நிலையங்களில் இருந்த சீரியல்–ஈதர்நெட் பெட்டிகளின் ஃபர்ம்வேரை அழித்து எழுதினார்கள். நம் எடை மேடைச் சாவடியில் இருக்கிறதே, அதே இனம். பெட்டி செத்ததும் கட்டுப்பாட்டு அறைக்கும் பிரேக்கருக்கும் பேச்சு அறுந்தது. ஊழியர்கள் டிசம்பர் குளிரில் வண்டியில் ஏறி ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், கையால் இயக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்ததுதான். எத்தனையோ பெரிய கணினிகள் இருக்க, தாக்கியவர்கள் தேடிப்போனது எல்லாரும் கேபிளாக நினைத்துக் கடந்துபோகும் பொருளை. அவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது.

நம் நாட்டில் 854-ஆம் சட்டம், அதாவது 2024-இன் இணையப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்டு 26-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் முக்கியத் துறைகள் என்று அது பட்டியலிடும் 11-இல் எரிசக்தி இருக்கிறது, நீரும் கழிவுநீரும் இருக்கின்றன. விவசாயமும் தோட்டத் தொழிலும்கூட இருக்கின்றன. எல்லா ஆலையும் அதற்குள் வந்துவிடாது, அரசு குறிப்பிட்டு அறிவிக்கும் நிறுவனங்களுக்கே கடமை. அப்படி வந்த இடத்தில் ஓர் ஊடுருவல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். என்னென்ன பெட்டி எங்கே இருக்கிறது என்று பட்டியலே இல்லாத ஆலை ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்லும்?

எடை மேடையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி வணிகத்துக்குப் பயன்படும் மேடையைக் காலந்தோறும் சோதித்து முத்திரை இடுகிறார்கள். இண்டிகேட்டரைத் திறந்து எண்ணைத் திருத்தினால் அது குற்றம். நியாயம்தான், சிறுதோட்டக்காரரின் பணம் அது. ஆனால் முத்திரை இண்டிகேட்டரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஆபீஸ் திரை வரை அந்த எண் எந்தக் கையொப்பமும் இல்லாத வெறும் எழுத்தாகப் போகிறது. நடுவில் இருக்கும் பெட்டியின் கடவுச்சொல், பெட்டியோடு வந்த கையேட்டின் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. அதை மாற்றாமல் விட்டால், உள்ளே வரத் தெரிந்தவர் இடையில் நின்று எண்ணைத் திருப்பிவிடலாம். முத்திரை உடையாது.

ஆகவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். டெல்நெட்டை அணையுங்கள். எந்த முகவரியிலிருந்து வந்தால் பேசலாம் என்று பட்டியலிடும் கட்டம் பெரும்பாலான பெட்டிகளில் உண்டு, அங்கே அந்த ஒரே கணினியை மட்டும் எழுதுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று யாராவது ரூட்டரில் வழி திறந்துவிடச் சொன்னால், அவர் மேனேஜராகவே இருந்தாலும், ஐ.டி. பிரிவின் எழுத்து வந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பத்து பகாட் ‘அட்டெக்’ பயிற்சி நிலையத்திலும் பாசிர் கூடாங் பொலிடெக்னிக்கிலும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மோட்டார் தெரிகிறது, பி.எல்.சி. தெரிகிறது. சப்நெட் மாஸ்க் என்றால் 255.255.255.0 என்று ஒப்பிக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள். நெட்வொர்க் நம் வேலை இல்லை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சீரியல் ஐ.டி.க்காரரின் வேலை இல்லை என்று அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில் அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தத்தெடுக்க ஆள் வேண்டும் என்றால் அது நீங்கள்தான், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடப்படுகிறவர் நீங்கள் என்பதால்.

அக்டோபர் மழைக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆலையில் இந்தப் பெட்டி எத்தனை இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து எண்ணுங்கள். ஒவ்வொன்றின் அமைப்பையும் ஃபைலாக இறக்குங்கள். ஸ்டோரில் இருக்கும் மாற்றுப் பெட்டி ஒன்றில் அந்த ஃபைலை ஏற்றி, லோரி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடை மேடையில் மாட்டிப் பாருங்கள். மேடையில் ஏறி நீங்களே நில்லுங்கள். அந்த மேடை இருபது கிலோ படியில்தான் காட்டும், உங்கள் எடை சரியாக வராது. ஆபீஸ் திரையிலும் இண்டிகேட்டரிலும் ஒரே எண் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாசிர் கூடாங்கிலிருந்து
ஒரு மூத்த கருவித் தொழில்நுட்பர்